ஐஸ் பிடிக்க முதல் அவுட்போட் எஞ்சின்: எந்தப் பிழைக்கு எங்க பாக்கிறது

ஒக்ரோபர் நடுவில தாங்க்ஸ்கிவிங் லீவோட ட்ரென்ற்-செவேர்ன் கால்வாயில போட்டை ஏத்தி இறக்கிற லொக் எண்ட தண்ணிக்கதவு எல்லாம் பூட்டிடுவினம், அதுக்குப் பிறகு ஒன்ராறியோவில எந்த இரவு பூச்சியத்துக்குக் கீழ போகும் எண்டு ஆராலயும் சொல்லேலாது. ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கம் எங்கட ஆக்கள் கனபேர் இப்ப அலுமினியம் போட் ஒண்டும் அதுக்குப் பின்னால வெளிய பூட்டுற சின்ன அவுட்போட் எஞ்சின் ஒண்டும் வாங்கி ரைஸ் லேக், சிம்கோ எண்டு மீனுக்குப் போகினம், நல்ல விஷயம். ஆனா ஊரில வள்ளத்தில எஞ்சின் ஓட்டிப் பழகின ஆக்களுக்கும் இந்தக் குளிர்காலப் பாடம் புதுசு, அங்க எதிரி உப்புத்தண்ணி, நல்ல தண்ணியில கழுவிப் போட்டு ஒயில் பூசினாக் காணும், இங்க ஏரித்தண்ணியில உப்பே இல்ல, எதிரி ஐஸ்.

மே மாசம் போட்டை இறக்கிற இடத்தில நிண்டு பாத்தால் விளங்கும், ஸ்ராட் வராமக் கயிறு இழுத்துக் களைச்சு நிக்கிற எஞ்சினில பெரும்பாலானதுக்கு ரெண்டே காரணம்தான், உள்ள தண்ணி நிண்டிருக்கும் இல்லாட்டி பெற்றோல் நிண்டிருக்கும். ரெண்டும் இலையுதிர் காலத்தில விட்ட பிழை. ஆனபடியால் கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதுறன், இப்ப மூடி வைக்கேக்க கண்டாலும் சரி, வசந்தத்தில கண்டாலும் சரி, எதை முதல் பாக்கிறது, எதைச் செய்தா அடுத்த வருஷம் வராது எண்டு. உங்கட எஞ்சினோட வந்த புத்தகம் வேற மாதிரிச் சொன்னால் புத்தகம் சொல்லுறதைக் கேளுங்கோ.

கியர் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில வருது

இதுதான் எல்லாத்திலயும் பெரிய விஷயம், நேரம் இல்லாத ஆள் வேற ஒண்டும் செய்யாட்டிலும் இதை மட்டும் செய்யவேணும். எஞ்சினின்ர கீழ்ப்பக்கத்தில, புறொப்பெல்லருக்கு முன்னால இருக்கிற குண்டுப் பகுதிக்குள்ள பல்லுச்சக்கரங்கள் ஒயிலுக்க கிடக்குது, அதுக்க தண்ணி போனா ஒயிலோட கலந்து வெளிறிடும். ஐஸ் ஆகேக்க தண்ணி கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், அலுமினியம் அதைத் தாங்காது, வெடிக்கும். பழைய எஞ்சின் எண்டால் அந்தக் கீழ்ப்பகுதியை மாத்துற செலவுக்கு வேற எஞ்சினே தேடலாம் எண்டு ஆகிடும்.

பாக்கிற முறை இதுதான். எஞ்சினை நேரா நிமித்தி, ஓடி வந்த உடன இல்லாம ஒரு இரவு சும்மா விட்டிட்டு, கீழ ஒரு தட்டு வைச்சு, அந்தக் குண்டுப் பகுதியில இருக்கிற ரெண்டு ஒயில் ஸ்க்ரூவில கீழ் ஸ்க்ரூவை மெதுவாக் கொஞ்சமாத் தளர்த்துங்கோ. தண்ணி பாரம் கூடினது, ஆறவிட்டால் அடியில தங்கும், முதல் வாறது தெளிஞ்ச தண்ணி எண்டால் சந்தேகமே வேண்டாம். பிறகு மேல் ஸ்க்ரூவையும் கழட்டினாத்தான் காத்துப் போய் முழுக்க வடியும். இதில ஒரு கவனம், பழைய ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின் சிலதில ஒயில் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலயே நட்சத்திரத் தலையோட இன்னொரு ஸ்க்ரூ இருக்கும், அது உள்ள கியர் மாத்துற பாகத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறது, அதைக் கழட்டினால் கியர்ப்பெட்டியைப் பிரிக்கிற வேலை வந்திடும், ஆனபடியால் எது எது எண்டு படத்தில பாத்து நிச்சயப்படுத்தாமக் கை வைக்காதேங்கோ.

வடிஞ்ச ஒயிலை வெளிச்சத்தில பாருங்கோ. ஸ்க்ரூவின்ர காந்தத்தில மெல்லிசா சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழமையான தேய்மானம், விரலுக்குக் குத்துற மாதிரி இரும்புத் துண்டு வந்தால் பல்லு உடையுது, அப்ப மெக்கானிக்கிட்டக் காட்டவேணும். கறுத்து எரிஞ்ச மணம் எண்டால் கனகாலம் மாத்தேல்ல எண்டு அர்த்தம்.

தண்ணி எங்கால வந்தது? முதல் ஸ்க்ரூவுக்குக் கீழ இருக்கிற வொஷர், சதக்காசுச் சாமான், ஒவ்வொருதரமும் புதுசு போடவேணும், பழசைத் திருப்பிப் போடுறதுதான் கன இடத்தில காரணம். அடுத்தது புறொப்பெல்லரைக் கழட்டிப் பாருங்கோ, பின்னால தூண்டில் நூல் சுத்தியிருக்கும், பின்னல் நூல் எண்டால் தண்டைச் சுத்தி இறுகி, தண்ணி உள்ள போகாமத் தடுக்கிற ரப்பர் சீலை (seal) வெட்டிடும். களை நிறைஞ்ச கவார்த்தா ஏரிகளில, நூலை அறுத்து விட்டுப் போற ஆக்கள் கூடின இடங்களில இது சாதாரணம். இந்த ரெண்டும் இல்லாட்டி கியர் மாத்துற தண்டின்ர சீல், இல்லாட்டி தண்ணிப் பம்புக்குக் கீழ இருக்கிற சீல், அதுக்குக் காத்தழுத்தம் குடுத்துப் பாக்கவேணும், கடைக்காரர் செய்வினம்.

இப்ப நவம்பர் வந்திட்டுது, சீல் மாத்த நேரமில்ல, கடையிலயும் இடமில்ல எண்டால் பதறாதேங்கோ. தண்ணியை முழுக்க வடிச்சு, புது ஒயில் நிரப்பி, நிமித்தி வையுங்கோ, சீலை ஏப்ரல்ல மாத்தலாம். தண்ணி உள்ள இல்லாட்டி உடையாது, அவ்வளவுதான். நிரப்பேக்க கீழ் ஓட்டையால பம்ப் போட்டு மேல வரைக்கும் தள்ளவேணும், மேலால ஊத்தினா நடுவில காத்து நிண்டு பாதிதான் நிரம்பும். மேல் ஓட்டையால குமிழ் இல்லாம ஒயில் வந்தப் பிறகு மேல் ஸ்க்ரூவை முதல் பூட்டுங்கோ, பிறகுதான் கீழ பம்பைக் கழட்டி அந்த ஸ்க்ரூவைப் பூட்டுறது, அப்பத்தான் ஒயில் ஓடி வராது.

ஸ்ராட் ஆகுது, ஒரு நிமிஷத்தில நிண்டிடுது, இல்லாட்டி சோக் இழுத்தால் மட்டும் ஓடுது

உடன, பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றரில கை வைக்காதேங்கோ, லேசான காரணத்தில இருந்து வாங்கோ. பெற்றோல் ராங்க் மூடியில இருக்கிற காத்து ஸ்க்ரூ திறந்திருக்கா? மூடிக்கிடந்தால் உள்ள வெற்றிடம் வந்து பெற்றோல் வராது, இது ஒண்டுக்காகவே காசு குடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்ட ஆக்கள் இருக்கினம். அடுத்து கையால அமத்துற ரப்பர்ப் பந்து, அம்புக்குறி மேல பாக்கப் பிடிச்சு அமத்துங்கோ, கல்லு மாதிரி இறுகாட்டி எங்கயோ காத்து எடுக்குது, ராங்க் பக்கக் கொளுவியில இருக்கிற ஓ வளையம் காய்ஞ்சு வெடிச்சிருக்கும், இல்லாட்டி பந்துக்குள்ள இருக்கிற வால்வு போயிருக்கும். எஞ்சின் சாகப் போற நேரம் ஒராள் பந்தை அமத்திக்கொண்டே இருந்து பாக்கட்டும், அப்ப தொடர்ந்து ஓடினால் காத்துக் கசிவு அல்லது பெற்றோல் பம்ப், அமத்தியும் சாகுது எண்டால் காபரேற்றர்.

சோக் இழுத்தாத்தான் ஓடுது, விட்டா நிக்குது எண்டால் மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் போற சின்ன ஓட்டை அடைச்சுப் போச்சு. அந்த ஓட்டை அவ்வளவு நுணுக்கம், குளிர் காலம் முழுக்க காபரேற்றர் கிண்ணத்தில நிண்ட பெற்றோல் ஆவியாகிப் போக, மிச்சம் வார்னிஷ் மாதிரிப் படிஞ்சு அடைச்சிடும். ஒன்ராறியோவில விக்கிற ரெகுலர் பெற்றோலில 10 சதவீதம் அளவில எத்தனோல் இருக்குது, அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், ஈரம் கூடினால் எத்தனோலும் தண்ணியும் சேந்து பெற்றோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போயிடும், எஞ்சினுக்குப் போற குழாயும் ராங்கின்ர அடியில இருந்துதான் இழுக்குது. பாக்க விருப்பமெண்டால் ராங்கின்ர அடியில இருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில எடுத்து ஆட்டாம வைச்சுப் பாருங்கோ, கீழ வேற ஒரு படையும் நடுவில கோடும் தெரிஞ்சால் அந்தப் பெற்றோலுக்கு இனி உயிர் இல்ல, ஸ்ரெபிலைசர் ஊத்தினாலும் திருந்தாது, ஸ்ரெபிலைசர் நல்ல பெற்றோலைப் பழுதாகாம வைச்சிருக்கத்தான், பழுதானதைத் திருத்த இல்ல. நகரசபை ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ, நிலத்திலயோ கானுக்குள்ளயோ ஊத்த வேண்டாம், அந்தத் தண்ணியும் கடைசியில நாங்கள் மீன் பிடிக்கிற ஏரிக்குத்தான் போகுது.

காபரேற்றரைக் கழட்டிக் கழுவினால் ஓட்டைகளைக் கம்பியால குத்தாதேங்கோ, அளவு பெருத்திடும், காபரேற்றர் கிளீனரும் காத்தும் காணும்.

இது வராம இருக்க இப்ப செய்யிறது: புதுப் பெற்றோலில ஸ்ரெபிலைசர் போத்தலில சொன்ன அளவு கலந்து, ஒரு 10 நிமிஷமாவது எஞ்சினை ஓட விடவேணும். ராங்கில மட்டும் ஊத்திப்போட்டு மூடி வைச்சாப் பிரயோசனம் இல்ல, காபரேற்றருக்குள்ள பழைய பெற்றோல்தான் நிக்கும். அதுக்குப் பிறகு காபரேற்றர் எஞ்சின் எண்டால் பெற்றோல் குழாயைக் கழட்டி ஓடி நிக்க விட்டு, கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற வடி ஸ்க்ரூவையும் திறந்து மிச்சத்தை எடுங்கோ, ஓடி நிண்டாலும் அடியில கொஞ்சம் நிக்கத்தான் செய்யும். காபரேற்றர் இல்லாமப் பெற்றோலைப் பீச்சி விடுற இன்ஜெக்சன் எஞ்சின் எண்டால் அப்பிடிக் காயவிட்டு ஓட்டக் கூடாது, உள்ள இருக்கிற பெற்றோல் பம்புக்குக் குளிர்ச்சியும் வழுக்கலும் அந்தப் பெற்றோல்தான், ஸ்ரெபிலைசர் கலந்த பெற்றோலோடயே நிறுத்தி விடுங்கோ. பழைய எஞ்சின் வைச்சிருந்து புதுசுக்கு மாறின ஆக்கள் பழக்கத்தில இதைப் பிழையாச் செய்யினம். தண்ணி பிரிக்கிற பில்டர் இருந்தால் அதையும் இதோட மாத்துங்கோ.

கயிறு அசையவே இல்ல

முதல் கியரைப் பாருங்கோ. நியூட்ரலில இல்லாட்டி கயிறு இழுபடாத மாதிரிப் பூட்டு கன எஞ்சினில இருக்குது. நியூட்ரலில இருந்தும் அசையேல்ல எண்டால் பலத்தைக் காட்டாம ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டுங்கோ. கழட்டின பிறகு லேசா இழுபடுது, பிளக் ஓட்டையால ஒயில் துப்புது எண்டால் அது நாலு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிழையான பக்கம் படுக்க வைச்சதால வந்தது. சின்னக் கைப்பிடி எஞ்சினைக் கழட்டி காராஜ் நிலத்தில வைக்கேக்க எந்தப் பக்கம் கீழ இருக்கலாம் எண்டு எஞ்சினிலயே குறி போட்டிருப்பாங்கள், மற்றப் பக்கம் வைச்சால் அடியில இருக்கிற ஒயில் சிலிண்டருக்குள்ள போயிடும். நிமித்தி வைச்சு, பிளக் ஓட்டைக்கு மேல துணி பிடிச்சு மெதுவா இழுத்து ஒயிலை வெளிய எடுத்து, பிளக்கைத் துடைச்சுப் போட்டு, ஒயில் அளவைப் பாத்து நிரப்பினாச் சரி. பிளக் கழட்டாமப் பலமா இழுத்தால் உள்ள கனெக்டிங் ரொட் வளையக் கூடும்.

பிளக் கழட்டியும் அசையேல்ல எண்டால் சிலிண்டர் சுவரில துரு பிடிச்சு பிஸ்ரன் றிங் ஒட்டிட்டுது. துரு இளக்கிற ஒயிலை ஒவ்வொரு ஓட்டையாலயும் விட்டு ரெண்டு மூண்டு நாள் பொறுத்திருந்து, பிளைவீலை ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பாருங்கோ. அசைஞ்சால் பிழைக்கும், ஆனா கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள வாற அழுத்தம், பாக்காம ஏரியில இறக்க வேண்டாம்.

இதைத் தடுக்கிறதுதான் ஃபொக்கிங் ஒயில், சிலிண்டருக்குள்ள துரு பிடியாம அடிச்சுப் பூசுற ஒயில். காபரேற்றர் எஞ்சின் எண்டால் மெதுவா ஓடிக்கொண்டிருக்கேக்க காத்து எடுக்கிற வாயால அடிக்க அடிக்க வெள்ளைப் புகை வரும், அப்பிடியே மூச்சுத் திணறி நிண்டிடும். இன்ஜெக்சன் எண்டால் நிப்பாட்டின பிறகு பிளக் ஓட்டைகளால அடிக்கிறது நல்லம். எப்பிடி அடிச்சாலும் அவசர நிறுத்தக் கயிற்றின்ர கிளிப்பைக் கழட்டிப்போட்டு, எஞ்சின் வழமையாச் சுத்துற பக்கம் கையால ஒரு சில சுத்துச் சுத்தி விடுங்கோ, அப்பத்தான் சுவர் முழுக்கப் படியும். பிறகு பிளக்கைப் பூட்டுங்கோ, வசந்தம் வரைக்கும் விளையாட்டுக்கும் கயிறு இழுக்காதேங்கோ, பூசின ஒயில் வழிச்சுப் போயிடும்.

பின்னால வாற தண்ணிப் பீச்சு மெலிஞ்சு போச்சு, இல்லாட்டி வரவேயில்ல

ஹோஸ் பூட்டி ஓட்டேக்கதான் இதைக் கண்டுபிடிக்கலாம், ஆனபடியால் கடைசித் தரம் ஓட்டுறது வெறும் கழுவலில்ல, பரிசோதனையும்தான். ரெண்டு பக்கமும் தண்ணி எடுக்கிற சல்லடையை மூடுற ரப்பர்க் காதுகளைப் போட்டு, ஹோஸைத் திறந்த பிறகுதான் எஞ்சினை ஸ்ராட் பண்ணவேணும். தண்ணி இல்லாம ஓட்டினால் தண்ணிப் பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலயே கருகும், ‘ஒரு நிமிஷம்தானே’ எண்டு நினைக்காதேங்கோ. யமஹா மாதிரிச் சில எஞ்சினில பக்கத்தில நேர ஹோஸ் பூட்டுற இடம் இருக்கும், அது எஞ்சினை நிப்பாட்டி வைச்சுக் கழுவ மட்டும்தான். வெளியில, நியூட்ரலில, பிள்ளைகளைத் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு ஓட்டுங்கோ, காராஜுக்குள்ள கதவு திறந்து வைச்சும் ஓட்டாதேங்கோ, கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல.

பீச்சு இல்லாட்டி உடன நிப்பாட்டி, அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள புல்லு வெட்டுற மெஷின்ர நைலோன் நூலை விட்டுப் பாருங்கோ, சிலந்தியும் குளவியும் அதுக்க கூடு கட்டும். ஓட்டை சுத்தம், தண்ணி வரேல்ல எண்டால் இம்பெல்லர். பேணி வைச்சிருக்கிற எஞ்சினுக்கும் ரெண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லம், ரப்பரின்ர சிறகு ஒரே பக்கம் வளைஞ்சு நிண்டு பழகிடும். கழட்டேக்க சிறகு உடைஞ்சு துண்டு காணேல்ல எண்டால் அந்தத் துண்டு மேல எங்கயோ தண்ணி வழியில கிடக்குது, அதைத் தேடி எடுக்காமப் புதுசு போட்டா மறுபடி சூடாகும்.

கழுவி முடிஞ்ச பிறகு எஞ்சினை முழுக்கக் கீழ இறக்கி, நேரா நிக்க விடுங்கோ. அவுட்போட் எஞ்சின் தானாத் தண்ணி வடியிற மாதிரிச் செய்தது, நிமிந்து நிண்டால் எல்லாம் வெளிய போயிடும், போட்டுக்குள்ள பூட்டின எஞ்சின் மாதிரி அன்ரிஃப்ரீஸ் ஊத்தத் தேவையில்ல. ஆனா ட்ரெயிலரில ஏத்தி வந்த மாதிரியே சரிச்சுத் தூக்கி வைச்சுப்போட்டுப் போனால் மழையும் ஸ்னோவும் புறொப்பெல்லர் நடுவால உள்ள போய் நிண்டு ஐஸ் ஆகும்.

ஒயில் அளவு கூடியிருக்கு, பெற்றோல் மணக்குது

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில இதைக் கண்டு கனபேர் பயப்பிடுவினம். குளிர்ந்த தண்ணியில மணிக்கணக்கா மெதுவா ஓட்டி மீன் பிடிக்கேக்க எஞ்சின் வடிவாச் சூடாகாது, எரியாத பெற்றோல் றிங்கைத் தாண்டி ஒயிலுக்க இறங்கும். மாத்திப்போட்டு, இடைக்கிடை கொஞ்சத் தூரம் வேகமா ஓட்டிச் சூடாக்கினால் பெரும்பாலும் சரியாகும், அப்பிடியும் திருப்பித் திருப்பி ஏறினால் சூட்டுக்கு ஏத்தபடி தண்ணியைத் திறந்து மூடுற தேர்மோஸ்ராற் திறந்தபடி ஒட்டிட்டுதா எண்டு பாக்கவேணும். பெற்றோல் மணமில்ல, ஒயில் வெளிறிக் கிடக்குது எண்டால் அது தண்ணி, ஓட்டாமக் காட்டுங்கோ.

ஒயில் மாத்துறதை வசந்தத்துக்குத் தள்ளாதேங்கோ, ஓடின ஒயிலில அமிலமும் ஈரமும் இருக்கும், அதைப் பேரிங்கோட ஆறு மாசம் விடுறது நல்லதில்ல. காருக்குப் போடுற ஒயில் வேண்டாம், போத்தலில எஃப்சி-டபிள்யூ எண்டு போட்டதுதான் போட் நாலு ஸ்ட்ரோக்குக்கு, ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு டிசி-டபிள்யூ3.

மிச்சம் உள்ளவை

பற்றரி வசந்தத்தில செத்துக் கிடந்தால், வடிவாப் பாருங்கோ, பெட்டி வீங்கியிருந்தால் உறைஞ்சிட்டுது, சார்ஜ் போடாதேங்கோ. முழு சார்ஜில இருக்கிற லெட் பற்றரி எங்கட குளிருக்கு உறையாது, இறங்கிக் கிடக்கிறது பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழயே உறையும். கழட்டி முழுக்க ஏத்தி வையுங்கோ, இடைக்கிடை பாத்து ஏத்துங்கோ.

ஸ்ரியரிங் இறுகிப் போச்சு எண்டால் பழைய கிறீஸ் காய்ஞ்சிட்டுது. கிறீஸ் அடிக்க முதல் தண்டை முழுக்கக் குழாய்க்குள்ள இழுத்து வைச்சுப்போட்டு அடியுங்கோ, வெளிய நீண்டிருக்கேக்க அடிச்சால் கிறீஸ் அடைச்சு ஸ்ரியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

துரு தடுக்கிற அனோட் பாதி கரைஞ்சிருந்தால் மாத்துங்கோ. எங்கட நல்ல தண்ணி ஏரிகளுக்கு சிங்க் (நாகம்) சரியா வேலை செய்யாது, மக்னீசியம் இல்லாட்டி அலுமினியம் கேட்டு வாங்குங்கோ, அதுக்கு மேல பெயின்ட் அடிக்கக் கூடாது.

எஞ்சின் மூடிக்குள்ள வைக்கோலும் பஞ்சும் இருந்தால் எலி வந்திட்டுது, ஓட்ட முதல் வயர் ஒவ்வொண்டாப் பாருங்கோ. மூடிக்குள்ள கந்தல் துணி விட்டுப்போட்டுப் போகாதேங்கோ, தறப்பாளை நிலம் வரைக்கும் சுத்திக் கட்டாதேங்கோ, காத்துப் போகோணும். கொண்டோவில இருக்கிற ஆக்கள் எஞ்சினை லொக்கரில வைக்கிறதெண்டால் பெற்றோல் ராங்க் ஒருக்காலும் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது.

மே மாசம் முதல் ஸ்ராட்டில ஒரே புகை

இதுக்குப் பயப்பிட வேண்டாம், ஃபொக்கிங் ஒயில் எரியுது. ஹோஸ் பூட்டி வீட்டில வைச்சே எரிய விடுங்கோ, ஏரியில சனம் இறக்கக் காத்துக்கொண்டு நிக்கிற இடத்தில வேண்டாம். பழைய பிளக்கோட ஸ்ராட் பண்ணி, புகை அடங்கின பிறகு புதுப் பிளக் போடுறது நல்லம், முதலே புதுசு போட்டால் அதுவும் ஒயிலில நனைஞ்சிடும். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகை நிக்கேல்ல, தண்ணி ஆவி மாதிரி இருக்குது எண்டால் சிலிண்டருக்கு மேல் மூடியோட இருக்கிற சீலான ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகப்படுங்கோ, நீலப் புகை எண்டால் ஒயில் அளவு கூடிட்டுதா எண்டு பாருங்கோ. கவார்த்தா பக்கம் வோலை (walleye) மீன் பிடிக்கிற காலம் மே ரெண்டாவது சனிக்கிழமை திறக்குது, இந்தப் பரிசோதனையை அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதலே செய்துபோடுங்கோ, அந்த வாரம் கடைகளில இம்பெல்லர் ஒண்டு வாங்குறதே கஷ்டம்.